காகித விளக்கும் கார்த்திகை மாவலியும்

எர்ஃபர்ட்,
ஜெர்மனி,
16 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் தேய்ப்பதோடு நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்யச் சொல். போனில் பேசும்போதெல்லாம் பிள்ளைகள் குறுக்கே புகுந்துவிடுகிறார்கள். எதையும் உன்னிடம் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறன்று கடைகளை அடைத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போயிருக்கிறார். வீடு அமைதியாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

"குளிரும் இருட்டுமாக இருக்கிற ஊரில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய்?" என்று போன வாரம் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இருட்டு என்றால் உண்மையிலேயே இருட்டுதான். நவம்பரில் நாலரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. டிசம்பரில் நாலு மணி தாண்டியதுமே விளக்குப் போட வேண்டும். வந்த புதிதில் இது என்னை மிகவும் வாட்டியது. இப்போதோ இந்த மாலை நேரத்துக்காகவே காத்திருக்கிறேன். பிள்ளைகள் பாலர் பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சாப்பிட்டு முடித்ததும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுவோம். கத்தரிக்கோல், பசை, நூல்கண்டு, வண்ணக் காகிதம், காலி அட்டைப் பெட்டிகள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதைத் திறந்தால் பிறகு டிவி ஞாபகமே யாருக்கும் வராது.

இந்த மாதம் முழுக்க விளக்கு வேலை. நவம்பர் 11 இங்கே புனித மார்ட்டின் நாள். அவர் ரோமானியப் படைவீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரரைப் பார்த்துத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. அவர் நினைவாகப் பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்கைக் குச்சியில் மாட்டிக்கொண்டு பாடியபடி ஊர்வலம் போவார்கள். எங்கள் எர்ஃபர்ட்டில் முதல்நாள் 10ஆம் தேதி மாலையே கொண்டாடிவிடுவது வழக்கம். புராட்டஸ்டண்ட் பிரிவுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூதர் 1483இல் பிறந்தது அந்தத் தேதியில்தான். அவர் படித்ததும் துறவியானதும் இந்த ஊரில். அதனால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இரு தரப்பாரும் பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய சதுக்கத்தில் சேர்ந்தே கூடுகிறார்கள். நாங்களும் போனோம். யார் எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கையில் விளக்கு இருக்கிறதா, வா என்கிறார்கள்.

அந்த விளக்கை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். முதலில் ஒரு பலூனை ஊத வேண்டும். சுவருக்குக் காகிதம் ஒட்டும் பசைப்பொடி இங்கே கடையில் கிடைக்கிறது. பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் வழவழவென்று ஊறிவிடும். நீ புத்தகத்துக்கு அட்டை போடக் காய்ச்சுவாயே, அந்த மைதாப் பசையும் இதற்குச் சரியாக வரும். வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய வண்ணக் காகிதத்தைக் கையால் கிழித்து, பலூனில் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் கோடு கோடாகத் தெரியும். கிழித்து ஒட்டினால் ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். இது மூன்று வயதுப் பாப்பாவுக்காகவே ஏற்பட்ட வேலை. கிழிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெரியவன் அக்டோபரில் பூங்காவில் பொறுக்கி, கனத்த புத்தகத்துக்குள் வைத்து அமுக்கிய மேப்பிள் இலைகளை இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவில் வைத்து ஒட்டினான். மொத்தம் நாலு சுற்று. கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டால் காகிதம் விறைத்துவிடும். பிறகு பலூனின் முடிச்சுக்குப் பக்கத்தில் ஊசியால் மெதுவாகக் குத்த வேண்டும். காற்று இறங்க இறங்க ரப்பர் காகிதத்தை விட்டுப் பிரிகிறபோது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இரண்டு பேரும் விளக்கில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். மேல் விளிம்பை வெட்டி, இரண்டு துளை போட்டு, கம்பி கோத்து, பேட்டரியில் எரிகிற குட்டி பல்பு உள்ள குச்சியில் மாட்டினால் முடிந்தது. முன்பு எல்லோரும் மெழுகுவர்த்திதான் வைப்பார்களாம். இப்போதும் சிலர் வைக்கிறார்கள். பாப்பாவை நம்பி நெருப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலர் பள்ளியிலும் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மாலை முழுக்க விளக்குச் செய்ய வைத்தார்கள். ஆசிரியை முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார்: பிள்ளை ஒட்டட்டும், நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்; பிள்ளை கேட்காமல் எதையும் நேராக்க வேண்டாம். கோணலாக ஒட்டிய கண், மூக்கு இல்லாத முள்ளம்பன்றி எல்லாம் அப்படியே ஊர்வலத்துக்கு வந்தன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பெரியவர்கள் செய்து கொடுத்த அழகான விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை வேறு, தன் கையால் செய்ததைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை வேறு. நடையிலேயே தெரிகிறது அம்மா.

இந்தப் பழக்கத்துக்கு வேர் எங்கே என்று பார்த்தால், அது எங்கள் துரிங்கியா மாநிலத்திலேயே இருக்கிறது. ஃபிரெடரிக் ஃப்ரோபெல் என்பவர் 1782இல் இங்கே ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தார். ஒரு வயது ஆகுமுன்பே தாயை இழந்தவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க வழங்குகிற கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் வைத்தவரும் அவர்தான். கோடையில் ரயிலேறி அங்கிருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். பிள்ளைகளுக்கு அவர் முதலில் கொடுத்த விளையாட்டுப் பொருள் என்ன தெரியுமா? நூல் கட்டிய கம்பளிப் பந்து, ஆறு நிறத்தில். அடுத்து மரத்தில் உருண்டை, கனசதுரம், உருளை. அதற்குப் பிறகு எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரிகிற ஒரு பெரிய கட்டை. காகிதம் மடிப்பது, அட்டையில் ஊசியால் குத்தி நூல் கோப்பது, காகிதப் பட்டைகளை ஒன்று மேல், ஒன்று கீழ் என்று பின்னுவது எல்லாமே அவர் பாடத்தில் உண்டு. அவருடைய காலத்து அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 1851இல், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா கிண்டர்கார்டனையே தடை செய்துவிட்டது. எர்ஃபர்ட்டும் அப்போது பிரஷ்யாவுக்குள்தான் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். பிள்ளைகள் பந்து உருட்டிக் காகிதம் பின்னுவதைக் கண்டு ஓர் அரசு பயந்திருக்கிறதே என்று நினைக்கும்போது மனசு கனத்துப்போகிறது.

அந்தக் காகிதப் பின்னலைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான் முடைவாய் இல்லையா, அதே பின்னல். ஓலையைக் கிழித்து நகத்தால் நரம்பை எடுப்பதை எனக்கு ஐந்து வயதிலேயே விட்டுக்கொடுத்தாய். நான் முடைந்த கொட்டானில் புளி போட்டு அடுக்களையில் வைத்திருந்தாய். வாய் இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நீ அதைப் பிரித்து மறுபடி முடையவே இல்லை. இங்கே ஆசிரியைகள் மூன்று வருடம் படித்துவிட்டுச் செய்வதை நீ தானாகவே செய்திருக்கிறாய். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

வேறு என்னென்ன செய்கிறோம் என்றால், செப்டம்பர் அக்டோபரில் தெருவெல்லாம் உதிர்கிற ஒரு கொட்டை இருக்கிறது. சாப்பிட ஆகாது, ஆனால் மெருகு போட்டது போல் பளபளக்கும். சின்னக் கைத்துளைப்பானால் துளைத்து, தீக்குச்சி சொருகிக் குதிரை, மான், மனிதன் என்று செய்யலாம். பொறுக்கிய சூட்டோடு செய்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் துளை இறங்காது. பெரியவனுக்கு இப்போது பாலர் பள்ளியில் நிஜமான சுத்தியலும் ரம்பமும் கொடுக்கிறார்கள். பேனாக்கத்தியால் குச்சி சீவவும் பழகிக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான், நீ பயப்படாதே.

சாயம் போடுவதையும் பார்த்தோம். எர்ஃபர்ட் ஒரு காலத்தில் நீலச் சாயத்தால் கொழித்த ஊர். வாய்ட் என்ற செடியின் இலையை அரைத்து உருட்டிப் புளிக்கவைத்து எடுப்பார்கள். பிறகு நம் நாட்டு அவுரி கப்பலேறி வந்து இந்தத் தொழிலை மெல்ல மெல்ல நசுக்கிவிட்டது. துணியைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். பாப்பா நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்த கைக்குட்டையை அவிழ்த்ததும் நடுவில் வெள்ளை வட்டம். இப்போது அது இல்லாமல் அவள் தூங்குவதில்லை.

இதற்கெல்லாம் நேரம் எப்படி என்று நீ கேட்பாய். அதற்கு இந்த நாடு கொஞ்சம் கைகொடுக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய், தகப்பன் இரண்டு பேருக்குமே மூன்று வருடம் வரை வேலையை இழக்காமல் விடுப்பு எடுக்க உரிமை உண்டு. அதில் முதல் வருடத்தை ஒட்டித்தான் பணம் வரும். அந்தப் பணத்தைப் பெற்றோர் இருவருமே விடுப்பெடுத்துப் பகிர்ந்துகொண்டால் இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். பாப்பா பிறந்தபோது இவர் எடுத்ததும் அந்த இரண்டு மாதம்தான். எங்கள் மாநிலத்தில் பள்ளி சேர்வதற்கு முந்தைய இரண்டு வருடம் பாலர் பள்ளிக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அம்மா, சட்டம் நேரத்தைத் தருகிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே கைவேலை செய்யப் பாட்டியைத் தருவதில்லை. அந்தக் குறை எனக்குத் தினமும் உண்டு.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆகஸ்டில் பெரியவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். முதல் நாள் பிள்ளையின் கையில் பெரிய காகிதக் கூம்பு ஒன்றைக் கொடுப்பது இங்கே வழக்கம்; உள்ளே மிட்டாய், பென்சில், சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான். பக்கத்து ஊரான ஜெனாவில் 1817லேயே இந்த வழக்கம் இருந்ததாம். கிழக்கு ஜெர்மனிப் பக்கம் கூம்பு ஆறு பட்டையாக, 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேற்கே வட்டமாக, கொஞ்சம் குட்டையாக. கூம்பு காய்க்கிற மரம் ஒன்று இருப்பதாகவும், காய் பெரிதானால் பள்ளிக்குப் போகும் காலம் வந்துவிட்டதென்றும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். அட்டை வாங்கி வீட்டிலேயே ஒட்டி அலங்கரிப்போம். அந்த நாளுக்குத் தாத்தா பாட்டிகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பெரியவன் இப்போதே "என் தாத்தாவும் ஆச்சியும் வருவாங்கல்ல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். விசாவில் 90 நாள் தங்கலாம். அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாம் இவர் பார்த்துக்கொள்வார். ஜூலையிலேயே வந்துவிடுங்கள். கூம்பை நீயும் அவனும் சேர்ந்து செய்யுங்கள்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் கார்த்திகை. காகித விளக்கைப் பார்த்ததும் இவர் பிள்ளைகளுக்கு மாவலிக் கதை சொல்லிவிட்டார். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றினால் பொறி பறக்கும் என்றதும் பெரியவன் வாயைப் பிளந்துவிட்டான். அப்பா இந்த வருடம் பேச்சியம்மன் கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பதாக இருந்தால், பூவைச் சுடுவதிலிருந்து சுழற்றுவது வரைக்கும் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல். அப்பா பேசிக்கொண்டே செய்யட்டும். அவர் குரலைக் கேட்டால் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

மாமா மகன் ஜனவரியில் இந்தப் பக்கம் வருகிறான் அல்லவா, அவனிடம் கூடை பின்னுகிற வயர் நாலு கட்டு கொடுத்துவிடு. பச்சை, மஞ்சள் பெரியவனுக்கு. பாப்பா சிவப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். சிவன் கண், நெல்லிக்காய் எல்லாம் இப்போது வேண்டாம், சாதா முடிச்சே போதும். அடிப்பாகம் தொடங்க எத்தனை வயர், என்ன நீளம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வை. அதுதான் எனக்கு மறந்துவிட்டது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மகள்