மூடிய வாசல்

பாளையங்கோட்டை
ஆனி 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் தட்டினால் கட்டைவிரல் போய்விடும். அதனால் தபால். நிதானமாகப் படி, அவசரம் ஒன்றும் இல்லை.

போன மாதம் கியோட்டோ பக்கத்து உஜிக்குப் போயிருந்தபோது பாலத்தில் நின்று ஒரு படம் அனுப்பினாயே, கையில் பச்சைத் தேநீர் ஐஸ்கிரீமோடு. அம்மா உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்றாள். நான் உனக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அப்பா, மழை பெய்தால் இது என்ன வேகம் தெரியுமா' என்று எழுதியிருந்தாய். அந்த வேகத்தில் 1221-இல் குதிரையோடு இறங்கியவர்களைப் பற்றித்தான் இரண்டு வாரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் இன்ஷூரன்ஸ் படிவத்தில் பிறந்த தேதிக்கு ஆங்கில வருடம் போதவில்லை, ஏதோ ரெய்வா, ஹெய்செய் என்று ஜப்பானிய ஆட்சிக்காலப் பெயரில் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டாய் அல்லவா? அந்த ஆற்றில் சண்டை நடந்த வருடத்தின் பெயர் ஜோக்யூ 3. அந்தப் பெயரில் முதல் எழுத்துக்கு ஏற்றுத் தொடர்வது என்று பொருள், இரண்டாவதற்கு நெடுங்காலம். 1219-இல் வைத்தார்கள், 1222-இல் மாற்றிவிட்டார்கள். நெடுங்காலம் மூன்றே வருடம்.

அந்தக் காலத்தில் ஜப்பானில் இரண்டு அரசாங்கம் இருந்தது. கியோட்டோவில் பேரரசர். கமாகுராவில் ஷோகன் என்ற படைத்தலைவர், அவருக்குக் கட்டுப்பட்ட போர்வீரர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கியோட்டோவிலும் சிம்மாசனத்தில் இருப்பவருக்கு அதிகாரம் கிடையாது. பதவியைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஒதுங்கிய முன்னாள் பேரரசர்தான் எல்லாவற்றையும் நடத்துவார். ஓய்வுபெற்ற பிறகு அதிகாரம் கூடுகிற ஊர் அது. எனக்கு ஓய்வுபெற்ற மறுநாள் ஆபீசில் உட்கார நாற்காலிகூட இல்லை.

நான் சொல்ல வந்தவர் கோ-தோபா. 1183-இல் பச்சைப் பிள்ளையாக அரியணை ஏறியவர், 1198-இல் குழந்தையாக இருந்த தன் மூத்த மகனிடம் அதைக் கொடுத்துவிட்டார். ஒரு குறை அவருக்குக் கடைசிவரை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் முடிசூடியபோது வாள், கண்ணாடி, மணிக்கல் என்ற அரச சின்னங்கள் கையில் இல்லை. ஏற்கெனவே பேரரசராக இருந்த அண்ணன் அந்தோகுவைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடிய தைரா குடும்பத்தார் அவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். 1185-இல் அந்தக் குழந்தை கடலில் மூழ்கியபோது வாளும் மூழ்கியது. கண்ணாடியும் மணிக்கல்லும் திரும்ப வந்தன, வாள் வரவில்லை. இவர் வளர்ந்ததும் நாட்டின் நல்ல வாள் கொல்லர்களை மாதமுறை வைத்து அரண்மனைக்கு வரவழைத்தார். தானே பட்டறையில் நின்று வாள் அடித்துச் சாமந்திப்பூ அடையாளம் போட்டார் என்கிறார்கள். இன்றைக்கு ஜப்பான் பாஸ்போர்ட்டின் அட்டையில் இருக்கிறதே, அந்தச் சாமந்தி அரச குடும்பத்துக்கு வந்தது இவரால்தான் என்று சொல்கிறார்கள். கவிதையிலும் கெட்டி. 'ஷின் கொகின்ஷூ' என்ற பெரிய தொகுப்பு இவர் கட்டளையால் உண்டானது.

1219 தொடக்கத்தில், பனி கொட்டிய ஒரு இரவில், கமாகுராவின் ஹச்சிமான் கோவிலில் ஷோகன் சனேதோமோவை அவருடைய அண்ணன் மகனே வெட்டிக் கொன்றான். வாரிசு இல்லை. கமாகுராவில் நிஜமான பிடி மறைந்த முதல் ஷோகனின் மனைவி மசாகோவிடமும் அவள் தம்பி ஹோஜோ யோஷிதோகியிடமும் இருந்தது. உங்கள் இளவரசர் ஒருவரை ஷோகனாக அனுப்புங்கள் என்று அவர்கள் கியோட்டோவைக் கேட்டார்கள். கோ-தோபா அனுப்பவில்லை. பதிலுக்கு ஒன்று கேட்டார். அதைப் படித்ததும் எனக்குப் பழைய ஆபீஸ் வாசனையே வந்துவிட்டது.

செத்சு நாட்டில் நாகஎ, குராஹாஷி என்று இரண்டு பண்ணை. செத்சு என்றால் இன்றைக்கு நீ வாடகைக்கு இருக்கிற ஒசாகா பக்கம்தான். அந்தப் பண்ணைகளின் வருமானம் கோ-தோபாவுக்குப் பிரியமான கமேகிகு என்ற ஆடல்காரிக்கு உரியது. அங்கே கமாகுரா நியமித்த ஜிதோ இருந்தான். ஜிதோ என்றால், நம் பழைய மணியகாரரையும் கர்ணத்தையும் ஒரே ஆளாக்கி இடுப்பில் வாளையும் கட்டிவிட்டால் எப்படியோ அப்படி. அவனை நீக்கு என்று கோ-தோபா சொன்னார். போரில் உழைத்ததற்குக் கூலியாக என் புருஷன் கொடுத்த பதவி, குற்றம் இல்லாமல் பிடுங்க முடியாது என்பது மசாகோ பக்கத்து நியாயம். அந்தப் பதிலைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பவில்லை, ஆயிரம் குதிரை வீரர்களோடு இன்னொரு தம்பியை அனுப்பினார்கள். முப்பது வருடம் நிலக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், வெளியே எத்தனை பெரிய சண்டையாகத் தெரிந்தாலும் கட்டை அவிழ்த்தால் அடியில் ஒரு சர்வே நம்பர் இருக்கும்.

அப்புறம் இளவரசருக்குப் பதில், ஒரு பிரபு வீட்டு இரண்டு வயதுக் குழந்தையைக் கமாகுராவுக்குத் தூக்கிப்போய் வருங்கால ஷோகன் என்றார்கள். இரண்டு வருடம் அப்படியே புகைந்தது. 1221, அவர்கள் கணக்கில் ஐந்தாம் மாதம் 15. யோஷிதோகியை ஒழியுங்கள் என்று கோ-தோபாவின் ஆணை புறப்பட்டது. அதற்கு முந்தின நாள்தான், குதிரைமேல் அம்பெய்யும் விழா என்று சாக்குச் சொல்லி ஆள் சேர்த்திருந்தார்.

அவர் பக்கம் சேர்ந்த மியுரா தனெயோஷி கமாகுராவில் இருந்த அண்ணனுக்கு, நீயும் வந்துவிடு என்று கடிதம் எழுதினான். அண்ணன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக யோஷிதோகி வீட்டுக்குப் போய்விட்டான். சரி, அது அந்த வீட்டு விவகாரம்.

மசாகோ வீரர்களைக் கூட்டி, என் கணவர் உங்களுக்குச் செய்தது மலையைவிட உயரம், கடலைவிட ஆழம் என்று நினைவூட்டினாள். எல்லோரும் அழுதார்களாம். அதற்குப் பிறகும் படைத்தலைவர்கள், ஹகோனே மலைப் பாதையை அடைத்துக்கொண்டு காத்திருப்போம் என்றே சொன்னார்கள். கிளம்பு, காத்திருந்தால் மனசு மாறும் என்று சொன்னவர் வாள் பிடிக்கிறவர் இல்லை. ஓஎ ஹிரோமோதோ, கியோட்டோவிலிருந்து வந்து கமாகுராவில் கோப்பு எழுதிய கிழவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. யோஷிதோகியின் மகன் யசுதோகி 18 குதிரைகளோடு கிளம்பினான். போகப் போக ஆள் சேர்ந்தது. மூன்று வழியிலும் சேர்த்து 1,90,000 என்கிறது கமாகுரா ஏடு. ஆளும் கட்சி எழுதிய கணக்கு, பாதியைத் தள்ளிவிட்டுப் படி.

இந்த இடத்தில் பிற்கால நூல் ஒன்று ஒரு கதை சொல்கிறது. கிளம்பிப்போன யசுதோகி மறுநாள் தனியாகத் திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டானாம். எதிரே பேரரசரே வந்து நின்றால் நான் என்ன செய்ய? யோஷிதோகி சொன்னாராம், அவரே வந்தால் தலைக்கவசத்தைக் கழற்று, வில் நாணை அறு, பணிந்துவிடு. ஆனால் அவர் ஊரில் இருந்துகொண்டு ஆளை அனுப்பினால், கடைசி ஆள் இருக்கும்வரை சண்டை போடு.

கோ-தோபா வரவில்லை. ஆளைத்தான் அனுப்பினார்.

உஜி ஆற்றில் ஆறாம் மாதம் 13, 14 இரண்டு நாளும் சண்டை. இப்போது உங்களுக்கு அடிக்கிற இதே மழைக்காலம். பாலத்துப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எதிர்க்கரையிலிருந்து அம்பு விட்டார்கள். ஆறு முட்டி ஓடியது. யசுதோகியின் ஆட்கள் இறங்கினார்கள், கனத்த கவசத்தோடு இறங்கியவர்களில் ஏராளம் பேர் வெள்ளத்தோடு போனார்கள். கடந்தவர்கள் மறுநாள் தலைநகருக்குள் இருந்தார்கள். ஆணை போட்டதிலிருந்து ஒரு மாதம்தான்.

தோற்றுத் திரும்பிய வீரர்கள் கோ-தோபாவின் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். அவரைக் காத்து அங்கேயே சாவோம் என்று. வாசல் திறக்கவில்லை. இங்கே நின்றால் பகைவர் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள், எங்காவது போய்விடுங்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. யமாதா ஷிகெததா என்ற வீரன் கதவை ஓங்கிக் குத்தி, ஒரு கோழையை நம்பி மோசம்போனோமே என்று கத்தியதாகப் போர்க்கதை சொல்கிறது. அவனும் தனெயோஷியும் பிறகு தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோ-தோபா ஆணையை ரத்து செய்து, இது என் எண்ணம் இல்லை, கீழே இருப்பவர்கள் செய்த சதி என்று யசுதோகிக்குச் சொல்லி அனுப்பினார்.

கீழே இருந்தவர்களில் ஒருவர் ஹமுரோ மிட்சுசிகா. அந்த ஆணையை எழுதிய கை அவருடையது. கமாகுராவுக்குக் கொண்டுபோகும் வழியில், ஃபூஜி மலைப் பக்கம் ககோசாகா கணவாயில் வைத்துத் தலையை வெட்டினார்கள். இந்தச் சண்டை வேண்டாம், வேண்டாம் என்று அவர் கோ-தோபாவுக்கு எழுதிய காகிதங்கள் அப்புறம்தான் அரண்மனையில் கிடைத்தன. பார்த்துவிட்டு யசுதோகி மிகவும் வருந்தினானாம்.

அம்மாடி, நீ நாலாம் வகுப்புப் படித்தபோது அப்பா மூன்று மாதம் வீட்டில் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் சைக்கிளில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், மாங்காய் வெட்டிக் கொடுத்தேன். லீவு என்று சொன்னேன். லீவு இல்லை. சஸ்பென்ஷன். மேலே இருந்தவர் ஒரு பட்டா மாற்றத்தைப் போடு என்றார். இது நிற்காது சார் என்றேன். போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போட்டேன். விசாரணை வந்தபோது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் அறைக்கதவில் நின்றேன். பியூன் வந்து, ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றான். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, வேறு பேச்சுச் சத்தம் இல்லை. மிட்சுசிகாவாவது எழுதி வைத்தார். நான் வாயால் சொன்னேன், வாயால் சொன்னதற்குக் கோப்பில் பக்க எண் கிடையாது. வேலை திரும்பக் கிடைத்தது, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. உன்னிடம் இதைச் சொல்ல ஏன் இத்தனை வருடம் ஆனது என்று தெரியவில்லை. படத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்திராவிட்டால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோ-தோபா பக்கம் இருந்தவர்களின் 3,000 பண்ணைகளைக் கமாகுரா எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. புதிய ஜிதோவுக்கு, சோ என்ற அவர்கள் நில அளவில், 11 சோவுக்கு 1 சோ என்று பங்கு. கியோட்டோவை மேய்க்க ரொகுஹாரா என்ற இடத்தில் அலுவலகம் போட்டு யசுதோகியை உட்கார வைத்தார்கள். பேரரசராக எழுபது சொச்ச நாள் இருந்த குழந்தையை இறக்கிவிட்டு வேறு ஒருவரை ஏற்றினார்கள். அந்தக் குழந்தைக்குப் பேரரசர் என்ற பட்டப்பெயர் கிடைத்ததே 1870-இல்தான். கோ-தோபாவை ஓகி தீவுக்கும், மகன் ஜுந்தோகுவை சாதோ தீவுக்கும் அனுப்பினார்கள். மூத்த மகன் சுச்சிமிகாதோவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவரைத் தண்டிக்கவும் இல்லை. அப்பா தீவில் கிடக்கும்போது நான் மட்டும் தலைநகரில் எப்படி இருப்பது என்று தானே கேட்டுத் தோசாவுக்குப் போனார். இவரைப் பற்றி ஏன் யாரும் அதிகம் எழுதுவதில்லை?

ஓகியில் கோ-தோபா 1239 வரை இருந்து அங்கேயே இறந்தார். திரும்ப விடவில்லை. நான்தான் இந்தத் தீவின் புதுக் காவலன், கடல் காற்றே, பார்த்து வீசு என்று ஒரு பாட்டு. பழைய ஷின் கொகின்ஷூவைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, தன் கட்டளையால் சேர்ந்த பாடல்களில் கிட்டத்தட்ட 400-ஐ அடித்தாராம். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது. பதினெட்டு வருடம், ஒரு மனுஷன், ஒரு பழைய கட்டு, கையில் தூரிகை.

ஓகிக்கு இப்போது கப்பல் போகிறதாம், அவரை எரித்த இடம் இன்னும் இருக்கிறதாம். லீவு கிடைத்தால் போய்வா, ஆனால் குளிர்காலத்தில் வேண்டாம், அந்தக் கடல் அப்போது மோசம். அம்மாவிடம் அந்த மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்காதே. அவள் வளையல் இரண்டு அப்போது அடகுக்குப் போனது, ஒன்றுதான் திரும்பியது.

பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனியாகப் பார்சல் வருகிறது. ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தி வைத்துத் திற.

அப்பா