சட்டம் வீட்டுக்குள் வரும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புதிய சட்டம் வந்தால் அபராதம் எவ்வளவு, சிறை எத்தனை ஆண்டு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது மக்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வியைக் கிட்டத்தட்ட யாருமே கேட்பதில்லை.

பிள்ளைகளைப் பெற்றோர் அடிப்பதை 1979இல் உலகிலேயே முதலில் தடை செய்தது ஸ்வீடன். திடீரென்று வந்த தடை அல்ல அது. அடிப்பதற்கு இடம் கொடுத்த பழைய விதிகளை 1957இலும் 1966இலும் படிப்படியாக நீக்கிய பிறகே வந்தது. அந்தச் சட்டப்பிரிவில் தனித் தண்டனை எதுவும் கிடையாது! அதற்குப் பதிலாக, அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்ற கையேட்டை வீடு வீடாக அனுப்பினார்கள். பால் பெட்டிகளில்கூடச் செய்தியை அச்சிட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் படித்திருப்பார்கள் என்று நினைக்கும்போதே மனம் நிறைகிறது.

எல்லாச் சட்டத்துக்கும் இது பொருந்தாது, சரி. கொலைக்கும் கொள்ளைக்கும் தண்டனை வேண்டும். ஆனால் பழக்கத்தை மாற்ற வரும் சட்டங்களுக்கு, வரைவை எளிய மொழியில் முன்கூட்டியே வெளியிட்டு, கருத்துச் சொல்ல மக்களுக்குப் போதிய அவகாசம் தர வேண்டும். நிறைவேறிய பிறகு விளக்கிச் சொல்லவும் தனியே பணம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்