கையில் ரத்தம் படாத கொலைகாரனையும் எழுதுங்கள்

தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். ஒரு நடிகர் எத்தனை வேஷம் கட்டினார் என்று எண்ணுவதில் நமக்குத் தனிக் குஷி. நவராத்திரியில் (1964) சிவாஜிக்கு ஒன்பது, தசாவதாரத்தில் (2008) கமலுக்குப் பத்து. சரி, எண்ணிக்கை கிடக்கட்டும். நான் பேச வந்தது ஏ.சி. திருலோகசந்தரின் தெய்வ மகனில் (1969) வரும் ஒரே ஒரு வேடத்தைப் பற்றி.

அப்பா சங்கர், மூத்தவன் கண்ணன், இளையவன் விஜய், மூன்றுமே சிவாஜிதான். விஜய்யின் துள்ளலையும் கண்ணனின் குமுறலையும் ஊரே பேசித் தீர்த்துவிட்டது. எனக்கு அந்த அப்பாதான்.

தழும்பேறிய முகத்தோடு அவமானப்பட்டே வளர்ந்து பணக்காரரான மனிதர். பிறந்த பிள்ளைக்கும் அதே முகம் என்று பார்த்ததும், கொன்றுவிடும்படி டாக்டர் நண்பரிடம் சொல்கிறார். டாக்டர் கொல்லவில்லை. வேறிடத்தில் வளர வைக்கிறார். அது அப்பாவுக்குத் தெரியாது. கை தொடவில்லை, பிணமும் விழவில்லை. ஆனாலும் அத்தனை வருஷமும் அவர் பிள்ளையைக் கொன்றவர்தான். பெற்றவளுக்கு எதிரிலேயே அதை மறைத்து வாழ்கிறார். அப்புறம் பிள்ளை உயிரோடு வந்து நிற்கிறான். பாரம் இறங்க வேண்டும்தானே? கூடுகிறது. செத்தவன் கேள்வி கேட்கமாட்டான், இவன் கேட்பான். சிவாஜி என்றாலே மிகை என்பவர்கள் இந்தச் சங்கரை இன்னொரு முறை பார்க்கலாம். (சில படங்களில் அவர்கள் சொல்வதும் சரிதான், அது வேறு பஞ்சாயத்து.)

இப்போது உங்கள் படங்களுக்கு வருகிறேன். ஹீரோ முப்பது பேரை வெட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார். வில்லன் போனில் "முடிச்சிடு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிரியாணியைத் தொடர்கிறார். சொன்ன வாய்க்கும் செத்த உயிருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில் கேமராவை வைக்க ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

கதைக்கா பஞ்சம்? பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. இன்னும் இறக்குகிறார்கள். "அஞ்சே நிமிஷம், இறங்கிட்டு வந்துரு" என்று சொன்ன காண்ட்ராக்டர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்தான்? மகள் கணக்கு நோட்டை நீட்டினால் அதில் எதைப் பார்த்தான்? அவனை எழுதுங்கள். "மானம் போச்சே" என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு, மறுநாள் காதல் ஜோடியின் சாவுச் செய்தியைப் பேப்பரில் படிக்கிற பெரியப்பாவை எழுதுங்கள்.

தயவுசெய்து கடைசி ரீலில் அவர்களைக் குண்டுக்குக் குறுக்கே பாயவிட்டுப் பாவத்தைக் கழுவிவிடாதீர்கள். தெய்வ மகனிலும் உயிரை விடுவது கண்ணன், அப்பா இல்லை.

பெரிய ஹீரோ ஒத்துக்கொள்ளமாட்டார் என்பீர்கள். வேண்டாமே. விருமாண்டியில் கொத்தாளத் தேவராக மிரட்டிய பசுபதிதான் சார்பட்டாவில் ரங்கன் வாத்தியாராக நின்றார். ஜோக்கர் படத்தைச் சுமந்த குரு சோமசுந்தரம் இருக்கிறார். அப்படி ஒருவரிடம் இந்தக் காண்ட்ராக்டரைக் கொடுங்கள். சண்டைக் காட்சி இல்லையென்றாலும் முதல் நாளே டிக்கெட் எடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்