ஊர் வரலாற்று ஆவணப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பணி முடிந்தது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள், நூலகத்தின் பழைய இதழ்கள், வரலாற்றுக் கழகத்தின் புகைப்படங்கள், முதியோர் பேட்டிகள் எல்லாம் ஒரே பட்டியலுக்குள் வந்துவிட்டன. அலமாரி மாற்றியது, பூச்சிக்கு மருந்து வைத்தது, பெட்டி வாங்கியது எல்லாம் ஒழுங்காக நடந்ததால் அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் ஒப்பந்ததாரரைப் பாதியில் ஏன் நிறுத்தினீர்கள், செலவு ஏன் மதிப்பீட்டைத் தாண்டியது, இவைதாம் கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

பதிவேடுகளைப் பிரிக்கக் கூடாது, விரித்து வைத்து மேலிருந்து படமெடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் தொகுப்பு திரும்பி வந்த அன்று, கோளாறைக் கண்டுபிடித்தது குழு அல்ல, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். "சார், இந்த வரியெல்லாம் பாதிதான் இருக்கு" என்றான். முதுகுத் தையலை வெட்டி, தாள்களை உதிரியாக்கி, தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் கொடுத்திருக்கிறார்கள். வெட்டியது ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் அந்தக் காலத்துத் தலைமையாசிரியர், பிள்ளை பள்ளியை விட்டு நின்ற காரணத்தைத் தையல் ஓரத்தில்தான் பொடி எழுத்தில் எழுதிவந்திருக்கிறார். ஒரு பெயருக்கு எதிரே "தகப்பனார் கா" என்று நிற்கிறது. காலமானாரா, காணாமல் போனாரா?

கேட்டதற்கு, "பைண்டிங் போட்டுத் தருகிறோம், வேண்டுமானால் லேமினேஷனும் செய்துவிடலாம்" என்றார்கள். லேமினேஷன் செய்த தாளைச் சேதமில்லாமல் மீட்க முடியாது. அன்றே வேலையை நிறுத்தினோம். மீதித் தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையை வாங்கியிருக்கலாம் என்று சில உறுப்பினர்கள் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த பெட்டியில் இருந்ததும் அதே போன்ற பதிவேடுதான். பணத்தைப் பிடித்து வைக்கலாம், வெட்டிய தாளை என்ன செய்ய?

அப்புறம் கேமரா ஸ்டாண்டு வாங்கி நாங்களே எடுத்தோம். மாணவர்கள் பக்கம் புரட்ட, நூலகர் படமெடுக்க, வரலாற்றுக் கழகத்தார் விவரம் எழுதினார்கள். கெடு தாண்டியது இதனால்தான். ஒப்பந்ததாரர் தந்தவை சுருக்கிய ஜேபெக் கோப்புகள் மட்டுமே. மூலப்படிக்கு, நுணுக்கம் எதையும் இழக்காத, சுருக்காத டிஃப் படக்கோப்பு வேண்டும். ஏ4 அளவுப் பக்கம் ஒன்று 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் 26 எம்பி, 400இல் 46 எம்பி. பொடி எழுத்துக்காக 400 என்று முடிவெடுத்தோம். மூன்று இடத்தில் மூன்று படி. ஹார்டு டிஸ்க் கணக்கு எங்கே எகிறியது என்று இப்போது புரிந்திருக்கும். இதற்குக் குழு வருந்தவில்லை.

வெள்ளைக் கையுறைகூட வாங்கவில்லையே என்ற புகாரும் வந்தது. கையுறை புகைப்படத்துக்கு, வாங்கினோம், போட்டோம். தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கைதான் நல்லது. துணி விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாமல் கிழித்துவிடும்.

பட்டியலுக்கு 1995இல் உருவான டப்ளின் கோர் என்ற ஆவண விவரக்குறிப்பு முறையின் (தலைப்பு, ஆக்கியவர், தேதி போன்ற) 15 கூறுகளைப் பின்பற்றினோம். (அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டப்ளினாம். இதற்கே ஒரு கூட்டம் போயிற்று.) மூலங்கள் அவரவரிடமே இருக்கும், படிகள் பள்ளி, நூலகம், கழகம் மூன்றுக்கும் பொது. உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களையும், பேசியவர் சம்மதிக்காத பேட்டிகளையும் திறந்துவிடவில்லை. மறைக்கிறோம் என்று யாரும் கோபப்பட வேண்டாம். உங்கள் மதிப்பெண்ணும் அதில் இருக்கலாம்.

கொடையாளர்களில் பலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை. திருமண ஆல்பம் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, தாத்தாவின் நாட்குறிப்பைத் தந்த தபால்காரர் குடும்பம், கேமரா இரவல் தந்த ஸ்டுடியோக்காரர், பெட்டி சுமந்த முன்னாள் மாணவர்கள், விடுமுறையிலும் கதவு திறந்துவிட்ட நூலகக் காவலாளி, சண்டை போட்டுக்கொண்டே சந்தா கட்டிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் நன்றி.

ஒரு வேலை மட்டும் பாக்கி. வெட்டிய கீற்றுகளில் சிலவற்றை ஒப்பந்ததாரரின் குப்பைக் கூடையிலிருந்து அள்ளி வந்து, ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். எது எந்தப் பக்கத்தோடு சேரும் என்று பொருத்திப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் சனிக்கிழமை நூலகத்துக்கு வரலாம். செல்லோ டேப் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

செயலாளர்,
பணிக்குழு