செயலாளர் ஆண்டறிக்கை: நம் கையேடுகளின் உரிமையும் உரிமமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பள்ளிகளில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவித் தரும் பணியும் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு அதிகம் பேசியது நம் கையேடுகளின் பதிப்புரிமை பற்றித்தான்.

பழைய நிறுவல் கையேட்டைத் திருத்தி அச்சிட நினைத்தபோது, ஓர் அத்தியாயம் எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. அவர் சம்மதமில்லாமல் அதில் கைவைக்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு எதுவும் தேவையில்லை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. எனவே அலுவலகப் பயிற்சிக்கு எழுதியதை நம் கையேட்டில் சேர்க்க விரும்புவோர், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

உரிமை முழுவதையும் சங்கத்தின் பெயருக்கு மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி போன்ற மென்பொருள் திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அப்படித்தான் எழுதி வாங்கிவந்திருக்கிறது. உரிமம் மீறப்பட்டால் வழக்காட அது வசதி. நான் இதை ஏற்கவில்லை. நாளை வரும் ஒரு செயற்குழு புதிய பதிப்புகளை மூடிய உரிமத்தில் வெளியிட நினைத்தால், எழுதியவர்களால் தடுக்க முடியாமல் போகும். உரிமை அவரவரிடமே இருக்கட்டும், யாரும் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் அனுமதிக்கும் பொது உரிமத்தை மட்டும் எல்லோரும் எழுத்தில் தரட்டும் என்று முடிவானது.

அப்புறம், எந்த உரிமம்? குனு கட்டற்ற ஆவண உரிமத்தைச் சிலர் விரும்பினார்கள். ஆனால் அதில் மாற்றக்கூடாத பகுதிகளை வைக்க இடமுண்டு. அப்படிப் பகுதிகள் உள்ள ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று, லினக்ஸ் வெளியீடு ஒன்றை உருவாக்கும் டெபியன் குழு 2006இல் வாக்கெடுத்தே தீர்மானித்தது. மேலும், அந்த உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒவ்வொரு பிரதியோடும் தர வேண்டும். பள்ளிகளுக்கு நாம் தரும் துண்டறிக்கையைவிட அது நீளம்!

ஆகவே நாமே எழுதியவற்றுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறல்–அதேவகைப்பகிர்வு 4.0 உரிமம்: எழுதியவர் பெயரைச் சொல்லி, மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளின் வழிகாட்டித் தமிழாக்கத்துக்கு மட்டும் மூலத்தில் உள்ளபடியே குனு பொது உரிமம் (ஜிபிஎல்) 3 அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறல் 4.0, அல்லது அவற்றின் பிந்தைய பதிப்புகள். மூலத்துக்கு ஒரு உரிமமும் நமக்கு வேறொன்றும் இருந்தால், நாம் செய்யும் திருத்தங்களை அவர்கள் எடுத்துக்கொள்வது சிக்கலாகும். வணிகத்துக்குத் தடை போடும் உரிமம் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர் பிரதி போட்டு விற்றால் நமக்கு மகிழ்ச்சியே.

சம்மதப் படிவத்தில் ஒரு வரியைக் கவனித்துப் படியுங்கள். சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். 30ஏ பிரிவு அதையே உரிமத்துக்கும் பொருத்துகிறது. அதனால்தான் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), வரைபடம், ஒளிப்படம் தந்தவர்களும் கையெழுத்திட வேண்டும். ஆள் கிடைக்காத அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுத முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும். படிவங்கள் பொருளாளர் மேசையில் உள்ளன.

செயலாளர்