ஜன்னலுக்கு வெளியே ஒரு நீலக் கவசம்

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகளுக்கு,

என் காலைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மீதியைப் படிக்க மாட்டாய். மாவுக்கட்டு இன்னும் இரண்டு வாரம். வலி இல்லை, அரிப்புதான் உயிரை வாங்குகிறது. ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தேன். அப்பா பார்த்துவிட்டுப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நர்ஸம்மா, உனக்கு இதற்கு மேல் எழுதினால் எனக்குத் திட்டு விழும்.

போன வாரம் வீடியோ காலில் தம்பி என்னைக் காட்டிக்கொடுத்தான் இல்லையா, "அம்மா நாள் முழுக்கத் துப்பாக்கி சுடுற கேம்தான் ஆடுறா" என்று? நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த உன் ரூம்மேட்டே திரும்பிப் பார்த்தாள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. படுத்துக்கொண்டு யோசித்ததில் நிறைய தோன்றுகிறது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். 1996. மாடியில் ஏசி அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லோட்டஸ், டிபேஸ், வேர்ட்ஸ்டார் சொல்லிக்கொடுப்பேன். படிக்க வந்த ஒரு பையன் சென்னையிலிருந்து இரண்டு ஃப்ளாப்பியில் டூம் என்கிற இந்தத் துப்பாக்கி சுடுகிற கேமைக் கொண்டுவந்தான். திருட்டு காப்பி என்று நினைத்து முதலில் பயந்தேன். அப்படி இல்லையாம். அமெரிக்காவில் டெக்சாஸில் இட் சாஃப்ட்வேர் என்று ஒரு சின்னக் கம்பெனி, 1993 டிசம்பரில் அதை வெளியிட்டபோது முதல் பாகத்தை மட்டும் சும்மாவே விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பிடித்திருந்தால் காசு அனுப்பி மற்ற இரண்டு பாகத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஷேர்வேர் என்று பெயர். நல்ல ஊறுகாய்க் கடைக்காரன் தொட்டு நக்கக் கொடுப்பானே, அந்த மாதிரி. அது கை மாறிக் கை மாறித் திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டது.

எங்களிடம் இருந்ததெல்லாம் 386 மெஷின். டூமுக்கு அது போதாது. ஆனால் மைனஸ் பட்டனைத் தட்டத் தட்டப் படம் சுருங்கிக்கொண்டே போகும், சுருங்கச் சுருங்க வேகம் கூடும். அதனால் பதினாலு இஞ்ச் மானிட்டரின் நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு சதுரத்துக்குள்தான் நான் விளையாடினேன். சவுண்ட் கார்டும் கிடையாது. கதவு திறந்தாலும் சுட்டாலும் பெட்டிக்குள் இருக்கிற ஸ்பீக்கர் கீக் கீக் என்று கத்தும், அவ்வளவுதான். அந்த கேமுக்கு இசை உண்டு என்றே எனக்குத் தெரியாது. போன மாதம் தம்பி லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தபோது கிடார் மாதிரி தடதடவென்று ஒன்று ஆரம்பித்தது. வேறெதுவோ ஓடுகிறது என்று நினைத்து அதை நிறுத்தச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பாபி பிரின்ஸ் என்பவர் போட்ட இசையாம், உலகத்துக்கே அது தெரியுமாம்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். தயிர்சாதத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்காருவேன். அதற்குள் என்ன ஆட முடியும்? முதல் லெவல் மட்டும்தான். 'ஹேங்கர்' என்று பெயர். செவ்வாய்க் கிரகத்தின் ஃபோபோஸ் நிலாவில் ஒரு ராணுவத் தளம், அங்கே எல்லாரும் பேய் பிடித்துக் கிடக்கிறார்கள், நாம் ஒரு பிஸ்டலும் ஐம்பது குண்டும் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறோம். கதை அவ்வளவுதான், அதை யாரும் சட்டை செய்வதில்லை.

ஆனால் அந்த இடம் இருக்கிறதே! இடது பக்கம் போனால் படிக்கட்டு, மேலே பச்சைக் கவசம். சுட வருகிற ஆளைக் கவனிப்பதா, மேலே இருப்பதை எடுப்பதா என்று முதல் நிமிஷத்திலேயே மனசு அல்லாடும். அப்புறம் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய அறை. தரை முழுக்கப் பச்சை விஷத் தண்ணீர், அதன் மேல் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு பாதை. தூரத்தில் உயரத்தில் நின்றுகொண்டு ஒரு பழுப்பு நிறப் பிசாசு நெருப்பை உருட்டி எறியும். வளைந்து வளைந்து நடந்துகொண்டே அதையும் சமாளிக்க வேண்டும். அதைத் தாண்டினால் விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிற இருட்டறை. கடைசியில் சிவப்பு எழுத்தில் எக்ஸிட். இதில் இன்னொரு விசித்திரம், அந்த கேமில் அண்ணாந்து பார்க்கவும் முடியாது, குதிக்கவும் முடியாது, ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறையும் கிடையாது. கொத்தனார் போடுகிற வீட்டு பிளான் மாதிரி தட்டையான கோடுகள்தான் எல்லாம். அதை வைத்துக்கொண்டு உயரம், பள்ளம், வெளிச்சம், இருட்டு என்று என்னமாய் ஏமாற்றியிருக்கிறார்கள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பிக்கிற இடத்திலேயே வலது பக்கம் ஜன்னல் இருக்கும். அதன் வழியாக வெளியே ஒரு முற்றம் தெரியும், தூரத்தில் சாம்பல் நிற மலை, மேலே மேகம். (ஃபோபோஸில் காற்றே கிடையாது, மேகம் எங்கிருந்து வந்ததோ.) அந்த முற்றத்தில் ஒரு நீலக் கவசம் கிடக்கும். பச்சைக் கவசத்துக்கு பலம் நூறு சதவீதம் என்றால் நீலத்துக்கு இருநூறு. கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஆனால் அந்த ஜன்னல் வழியாகப் போக முடியாது. எக்ஸிட்டைத் தட்டினதும் ஒரு கணக்கு காட்டுவான்: எத்தனை பேரைக் கொன்றாய், எத்தனை பொருள் எடுத்தாய், எத்தனை ரகசியம் கண்டுபிடித்தாய் என்று. ரகசியத்தில் எனக்கு எப்போதும் பூஜ்யம்.

டாட் மேட்ரிக்ஸ் பேப்பரின் பின்பக்கத்தில் அந்த இடம் முழுவதையும் வரைந்து வைத்திருந்தேன். சாருக்குத் தெரியாமல் டிராயரில். எங்கே வழி இருக்கும் என்று பென்சிலால் புள்ளி வைத்துப் பார்ப்பேன். கரெண்ட் போனால் யூபிஎஸ் கூவ ஆரம்பிக்கும், மெஷினை அணைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். 1997 தையில் கல்யாணம். சென்டரை விட்டேன். அந்தப் பேப்பர் டிராயரிலேயே கிடந்து போனது. அடுத்த வருஷம் நீ. அப்புறம் அதை நினைக்க ஏது நேரம்?

தம்பி யூடியூபில் காட்டுகிறேன் என்றான். கையைத் தட்டிவிட்டேன். இந்த லெவலை ஒருத்தர் 1998-இல் ஒன்பதே வினாடியில் ஓடி முடித்தாராம், அதை எட்டாக்க இன்னொருத்தருக்கு 2019 வரை ஆனதாம், அதையெல்லாம் அவனே சொன்னான். கேட்டுக்கொண்டேன். வழியை மட்டும் சொல்லாதே என்றுவிட்டேன்.

காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனேன். ஒவ்வொரு அடிக்கும் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். திறக்கிற சுவர் இல்லையென்றால் அந்தச் சிப்பாய் "உஹ்" என்று முக்குவான். உஹ். உஹ். உஹ். பக்கத்து அறையிலிருந்து அப்பா, "ஏட்டி, வயித்தைக் கியித்தை வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். நான் இல்லை, இவன்தான் என்று காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தச் சுவர் மட்டும் நிறம் வேற மாதிரி இல்ல?" என்று கேட்டது அவர்தான். நாற்பது வருஷம் சைட்டில் நின்று பூச்சு வேலை பார்த்த கண் ஆயிற்றே. எந்தச் சுவர் என்று உனக்கு எழுத மாட்டேன். நெளிந்த பாதையைத் தாண்டி, அவ்வளவுதான் சொல்லுவேன்.

தட்டினேன். முக்கவில்லை. சுவர் மேலே ஏறிற்று.

உள்ளே ஒரு குறுகின பாதை, கடைசியில் வெளிச்சம். வெளியே வந்தால் அதே முற்றம், அதே மலை. கவசத்தைக் கூட உடனே எடுக்கவில்லை. திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் நின்று எட்டிப் பார்த்த இடம் உள்ளே தெரிந்தது, காலியாக. அப்பா, "எடு புள்ள, எவனாவது வந்துரப் போறான்" என்றார்.

அப்புறம் ராத்திரி தூக்கம் வராமல், செய்தவர் யார் என்று தேடிப் படித்தேன். ஜான் ரொமேரோ. அப்போது இருபத்தாறு வயது. வெளியே ஒரு இடம் தெரிந்தால் அங்கே போக எப்படியாவது ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்றாம். அது அப்போதே தெரிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகத் தேடியிருப்பேன். இன்னொன்று, அந்த முதல் லெவலை அவர் கடைசியாகத்தான் செய்தாராம். மற்றதையெல்லாம் செய்து கை பழகின பிறகு, ஆட வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நன்றாக இருக்கட்டும் என்று. நம் வீட்டில் முறுக்கு சுடும்போது முதல் ஈட்டை நாம் தின்றுவிட்டு அடுத்ததைத்தானே விருந்தாளிக்கு வைப்போம்.

அதற்கு அடுத்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் 2015-இல் அயர்லாந்துக்கு வந்து கம்பெனி வைத்தாராம். எந்த ஊர் தெரியுமா? கால்வே. நீ டூட்டி முடித்துக் குடையைத் தூக்கிக்கொண்டு போகிற அதே கால்வே!

போட்டோ பார்த்தேன், நீளமாகத் தலைமுடி வைத்திருக்கிறார், பார்த்தால் தெரிந்துவிடும். எங்கேயாவது எதிரில் வந்தால் நீ பாட்டுக்குப் போய் நிறுத்திப் பேசி வைக்காதே, பாவம், எத்தனை பேர் நிறுத்துவார்களோ. அவராகச் சிரித்தால் மட்டும், பாளையங்கோட்டையில் எங்கம்மா நீலக் கவசத்தை எடுத்துவிட்டாள் என்று சொல்.

முறுக்கும் நார்த்தங்காயும் பார்சல் கட்டியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை தம்பி கொண்டுபோய்ப் போடுவான். நைட் டூட்டி எத்தனை நாள் என்று எழுது. அப்பா ரெண்டாவது லெவலுக்குக் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
அம்மா