செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது, எல்லாருக்கும் பொதுவான வளத்தைத் தீர்ந்துபோகாமல் பகிர்ந்துகொள்வதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வகுப்பறையில் நடத்திய மீன்பிடி விளையாட்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

தட்டுதான் குளம். அதில் 16 பாசிமணிகள், அவைதான் மீன்கள். சுற்றி நான்கு பிள்ளைகள். ஒவ்வொரு சுற்றிலும் விரும்பிய அளவு எடுக்கலாம். ஒன்றுகூடக் கிடைக்காதவர் ஆட்டத்தை விட்டு விலக வேண்டும். மிஞ்சியவை இரட்டிப்பாகும், ஆனால் 16-ஐத் தாண்டாது. முதல் ஆட்டத்தில் பேசக் கூடாது என்றோம். முதல் சுற்றிலேயே 14 போயின. மிச்சம் இரண்டு நான்கானது. அடுத்த சுற்றில் தட்டு காலி. மொத்தப் பிடிப்பு 18.

பிறகு பேச விட்டோம். ஒரு சிறுவன் விரல்விட்டு எண்ணி, "ஆளுக்கு ரெண்டு எடுத்தா எட்டு மிஞ்சும், அது மறுபடி பதினாறு ஆயிடும்" என்றான். பத்துச் சுற்றில் 80 மீன் பிடித்தார்கள், குளமும் நிறைந்தே இருந்தது. நடுவில் மூன்றாவது மணியை எடுத்த ஒரு சிறுமி, மற்றவர்கள் பார்ப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் அதைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

இன்னொரு வகுப்பில் "ஆளுக்கு இரண்டு" என்று நாமே முதலில் சொல்லிவிட்டோம். அது தவறு. கண்காணித்தவர் திரும்பியதும் கைகள் நீண்டன. தாங்களே பேசி வகுத்த விதியைத்தான் பிள்ளைகள் தாங்களே காத்தார்கள். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்மணி. அவர் சொன்னதைத் தட்டைச் சுற்றிக் கண்ணால் பார்த்தோம்.

விளையாட்டு முடிந்ததும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கதையைச் சொன்னோம். நூற்றாண்டுகளாக அள்ளிய காட் (cod) என்னும் கடல்மீன், அளவுமீறிப் பிடித்ததால் அருகிப்போக, 1992-இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தட்டு காலியானதைப் பார்த்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நடத்தப்போகும் உறுப்பினர்களுக்கு ஒன்று: எது கடைசிச் சுற்று என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்ன இடத்தில் எல்லாரும் துடைத்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு, கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்காக, மூடிய பாத்திரத்தில் மணிகளை வைத்து ஆடிப்பார்க்க எண்ணம். அதற்கு நான்கு தன்னார்வலர்கள் தேவை. பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்